அரைப்பேர்

சஜீவனி ஓடிக்கொண்டிருந்தாள். ஆனால், ஓடுகிற இரண்டு கால்களில் ஒரு காலின் சத்தம்தான் அவளுக்குக் கேட்டது.

"நிமலன்! எங்க இருக்கீங்க?"

தேயிலைச் செடிகளின் மேல் பனிமூட்டம் பால் பொங்கினாற்போல ஏறி நின்றது. ஈர இலையின் பச்சை வாடையோடு, இடிந்து கிடந்த தொழிற்சாலைப் பக்கமிருந்து மக்கிப்போன தேயிலைத்தூளின் நெடியும் வந்து தொண்டையில் ஒட்டியது. எத்தனை தடவை இழுத்துவிட்டாலும் துப்பட்டா இடது தோளில் நிற்காமல் நழுவியது. மாலை நாலு மணிகூட ஆகவில்லை. அதற்குள் இத்தனை மூட்டமா?

கல்யாணமான பிறகு இருவரும் கொழும்பிலிருந்து புறப்பட்ட முதல் பயணம். காலையில் பதுளை டவுனைச் சுற்றியவரை எல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது. பழைய கல் தேவாலயம், பழைய சந்தைக் கட்டடம், தண்டவாளம் முடிந்துபோகிற ரயில் ஸ்டேஷன். கடைசியாக, பசறை வீதியில் அம்மா பிறந்த தோட்டத்தையும் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்தவள் இவள்தான்.

"அங்க இப்ப யாரும் இல்லைங்க மிஸ். பெரட்டுக் களம் மட்டும் கெடக்கு" என்றார் ஆட்டோக்காரர் மாணிக்கராஜ்.

"பெரட்டா? முட்டை போட்டுப் பெரட்டுவாங்களா?" என்றான் நிமலன்.

"ஐயோ! விடியக்காலம் ஆளுங்கள நிறுத்தி, பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புற எடம்ங்க."

மாணிக்கராஜ் சிரிக்கவில்லை. "பெரட்டுல நின்ன ஆளுங்களோட மலை சரிஞ்ச தோட்டம் சார் அது. பேர் கூப்பிட்டு வேலை வாங்குற கங்காணிக்கு இன்னமும் ஆள் பத்தலையாம். பேர் சொல்லிக் கூப்பிட்டா வாயத் தொறந்துடாதீங்க."

"தொறந்தா வேலை குடுப்பாரா அண்ணே?"

"வெளையாடாதீங்க சார். விடியக்காலம் போனா முழுப்பேர். நேரங்கழிச்சுப் போனா அரைப்பேர். பாதி ஆளுன்னு கணக்கு."

இவளும் சேர்ந்துதான் சிரித்தாள்.

பிறகு களத்தில் நின்றார்கள். ஒரு குரல் பேர் சொல்லிக் கூப்பிட்டது. பதில் போனது. மூட்டம் இறங்கியது.

நிமலனைக் காணவில்லை.

"ஆண்டவரே, அவரை மட்டும் குடுத்திரும். வேற ஒண்ணும் கேக்க மாட்டேன்." அழுகை வந்தது. கண்ணீர் வலது கன்னத்தில் மட்டும் சுட்டது. இடது காது அடைத்துக்கொண்டதுபோல் இருந்தது. எங்கோ ஹாரன் அடித்தது. வலப்பக்கம் மட்டும் கேட்டது. அந்தத் திசையில் ஓடினாள். தொப். தொப். தொப். ஒரே கால்.

மூட்டம் கிழிந்தது.

கீழே, தார் ரோட்டில் ஆட்டோ. பின் சீட்டில் நிமலன்! உயிரோடு. முழுசாக.

போதும். அது போதும். அவன் பேரைச் சொல்லிக் கத்தினாள்.

"நிம..."

அதற்கு மேல் வரவில்லை. பாதிப் பேர்தான் வந்தது.

ஆட்டோ ஸ்டார்ட் ஆனது. ஏன் கிளம்புகிறார்கள்? இவளை விட்டுவிட்டா?

முதுகுக்குப் பின்னால், களத்திலிருந்து, அதே குரல் நிதானமாகக் கூப்பிட்டது.

"சஜீவனி..."

முதலில் களத்தில் நின்றபோதும் அது கூப்பிட்டது நிமலனை அல்ல. இவளைத்தான். நிமலன்தான் குரலை மாற்றி விளையாடுகிறான் என்று நினைத்தாள். பெரட்டில் நிற்பதை அம்மா வீட்டில் நடித்துக் காட்டுகிற மாதிரியே கையைக் கட்டிக்கொண்டு, தலை குனிந்து, பதில் சொன்னவள் இவள்தான்.

"வந்துட்டேங்க கங்காணி!"

"அரைப்பேர்" என்றது இப்போது அந்தக் குரல்.

சஜீவனி குனிந்து பார்த்தாள். சட்டையின் இடது கை வெறுமையாகக் காற்றில் ஆடியது. அதன் கீழே கால் இல்லை. தேயிலைச் செடிதான் தெரிந்தது.

ஆட்டோ வளைவில் திரும்பியது. நிமலனின் தோளை ஒரு கை இறுக்கிப் பிடித்திருந்தது. இடது கை. அதில் அவளுடைய கல்யாண மோதிரம்.

"பயந்துட்டியா சஜீ? ஒண்ணுமில்ல, ரூமுக்குப் போயிறலாம்" என்று தன் பக்கம் இருந்த கன்னத்தை, திரும்பிப் பார்க்காமலே, அவன் தடவிக்கொடுத்தான்.

அவன் தோளில் சாய்ந்திருந்த பாதி முகம் மெல்லத் திரும்பி, ஒற்றைக் கண்ணால் இவளைப் பார்த்தது.