தம்பி கொடுத்த ரத்தம்

வெளிறிக் கிடக்க வேண்டிய தடம்தான் திரையில் எல்லாவற்றையும்விடக் கறுத்திருந்தது.

படமெடுக்கும் கருவியின் முனகலும், காடியைப் போல மூக்கை அரிக்கும் ரசாயன வாடையும் நிறைந்த அந்தச் சின்ன அறையில், ஆராய்ச்சிக்காரி கண்ணை எடுக்காமல் நின்றாள். ஆக்சிஜன் கிடைக்காமல் திணறும் உயிரணுக்களில் லாக்டேட் பெருகும். பெருகிப் போய்ப் புரதங்களில் உள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தில் ஒட்டிக்கொள்ளும். அந்த ஒட்டை மட்டும் தேடிப் பிடிக்கிற ஆன்டிபாடியைத்தான் அவள் ஊற்றியிருந்தாள். திணறடித்து வைத்த உயிரணுக்கள் கறுக்க வேண்டும். ஆரோக்கியமான ரத்தத்தின் தடம் வெளுக்க வேண்டும்.

ஆரோக்கியமான ரத்தம் அவள் தம்பியுடையது. "பாத்து எடுக்கா, இருக்கறதே கொஞ்சம்தான்" என்று சிரித்தபடி நேற்றுதான் கையை நீட்டினான்.

"குழாய மாத்தி வச்சிருப்பீங்க மேடம்," என்றார் உதவியாளர்.

மாற்றவில்லை. வேறொரு ஆன்டிபாடியைப் போட்டும் பார்த்தாள். அதே கறுப்பு. மூச்சோடு இருக்கிற எவர் ரத்தமும் இப்படிக் கறுக்காது.

போன வாரம் நீச்சல் குளத்திலிருந்து அவன் வெகு தாமதமாக வந்தது ஞாபகம் வந்தது. "தண்ணிக்குள்ள எவ்ளோ நேரம் வேணா இருக்க முடியுதுக்கா!" பெருமையடிக்கிறான் என்று நினைத்து, தலையைத் துவட்டச் சொல்லி அதட்டியிருந்தாள்.

பொழுது சாயும்போது வீட்டுக்கு வந்தாள். சமையலறையில் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தம்பி பாத்திரம் கழுவினான். அலுவலகத்துக் கதை, மேலாளரின் கோபம், பேருந்து நெரிசல் என்று பேசிக்கொண்டே போனான். எங்குமே நிறுத்தவில்லை. ஒரு வாக்கியத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே இடைவெளியே இல்லை.

அவன் சட்டையைப் பார்த்தாள். ஈரத்தில் முதுகோடு ஒட்டியிருந்தது.

அந்த முதுகு ஏறவில்லை. இறங்கவில்லை.

குழாயை மூடினான். குளிர்சாதனப் பெட்டியின் ரீங்காரம். அவள் மூச்சு. வேறெதுவும் இல்லை.

"அக்கா."

"என்னடா?"

"ஏன் இவ்ளோ சத்தமா மூச்சு விடுற?"

அடக்கினாள். தன்னையறியாமல்.

அவன் திரும்பினான். முகத்தில் அத்தனை நிம்மதி. "ஆங். இப்ப நல்லாருக்கு."

கிட்டே வந்தான். சோப்பு வாடை. சில்லென்ற விரல்கள் அவள் மூக்கைப் பிரியமாகப் பற்றின. இன்னொரு கை வாயைப் பொத்தியது.

"அப்படியே இருக்கா. முதல்லதான் கஷ்டம். அப்புறம் பழகிடும்."

அவள் மார்பு துள்ளியது. அவனுடையது அசையவில்லை. இமைக்காமல், பொறுமையாக, அவள் பழகுவதற்காகக் காத்திருந்தான்.