எம்முன்னா மெயினா, மாஸா?

கமீய் வீட்டு ஷெட்டில் நின்ற பெஜோ என்கிற பிரெஞ்சு காருக்கு ஐம்பத்திரண்டு வயது. அன்று மாலை ஆறு மணி வரைக்கும்தான் அதற்குக் கெடு.

கெடு வைத்தவர் கமீயின் அம்மா மரி. போன மாதம் ஒரு கல்யாணத்துக்குப் போகிற வழியில் கார் படுத்துவிட்டது. பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அம்மாதான் பின்னாலிருந்து தள்ளினார். அது ஐந்தாவது தடவை.

"சனிக்கிழம ஆறு மணிக்குக் கெளம்பணும். லைட்டப் போட்டுக்கினு பிள்ளைச்சாவடி வரைக்கும் போயிட்டு வரணும். நடுவுல நின்னுச்சுன்னா அங்கேந்தே காயலாங்கடைக்குப் போயிடும்" என்று சொல்லிவிட்டார்.

சும்மா சொல்லவில்லை. காயலான்கடை அரிகிருஷ்ணனுக்குப் போனும் போட்டுவிட்டார். அவர் ஐந்தரைக்கே வந்துவிட்டார். முதலியார்பேட்டையின் அந்தச் சின்னத் தெருவை அடைத்தபடி மினி லாரியை நிறுத்திவிட்டு, கட்டி இழுக்கும் கயிற்றோடு உட்கார்ந்திருந்தார்.

பதினோரு வயது கமீய் காரையே சுற்றிச் சுற்றி வந்தாள். அவள் நடை பழகியதே அந்தக் காரின் கதவைப் பிடித்துக்கொண்டுதான். மழை வந்தால் அதற்குள் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவாள்.

காருக்கு என்ன நோய் என்று எல்லாருக்கும் தெரியும். டைனமோ. என்ஜின் வேகமாக ஓடினால்தான் அது கரண்டு தரும். நெரிசலில் மெதுவாகப் போனால் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் விளக்கெல்லாம் பேட்டரியை உறிஞ்சிக் காலி செய்துவிடும். அப்புறம் தள்ளவேண்டியதுதான்.

ஆல்டர்நேட்டர் அப்படியில்லை. மெதுவாக ஓடும்போதும் கரண்டு தரும். மெக்கானிக் செல்வகுமார் ஒரு பழைய வேனிலிருந்து அதைக் கழற்றிக்கொண்டு வந்து, டைனமோ இருந்த இடத்தில் உட்காரவைத்துவிட்டார். இரண்டு ஒயர்களையும் அதைச் சுற்றவைக்கும் பெல்ட்டையும் மாட்டுவதுதான் பாக்கி.

கமீயின் அப்பா ஆலேன், ஃபேன் பெல்ட் வாங்க பெரிய மார்க்கெட் பக்கம் சைக்கிளில் போயிருந்தார். செல்போனை வீட்டிலேயே வைத்துவிட்டார்.

இரண்டு ஒயருமே துணி சுற்றிய பழைய ஒயர். இரண்டுமே கறுப்பு. ஒன்று பேட்டரியிலிருந்து வருவது. இன்னொன்று காரின் இரும்பு உடம்போடு சேர்ந்தது. எது எதென்று மாறிவிடாமலிருக்க அப்பா வெள்ளை டேப் ஒட்டி, ஒன்றில் 'எம்' என்றும் மற்றதில் 'பி' என்றும் எழுதியிருந்தார்.

"எம்முன்னா மெயினு. பின்னா பாடி. முசியே சூப்பரா எழுதிவச்சிட்டுப் போயிருக்காரு" என்றார் செல்வகுமார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்தவர் என்பதால் கமீயின் அப்பா செல்வகுமாருக்கு எப்போதும் 'முசியே'தான், பிரெஞ்சில் ஐயா.

இரண்டையும் மாட்டி நட்டை முறுக்கினார். பிறகு பேட்டரியின் கிளிப்பைக் கையில் எடுத்தார். "இதப் போட்டா ஒயர் வேல முடிஞ்சிச்சு."

கமீய் அந்த டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா அதை ஒட்டியபோது கத்தரிக்கோலைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவள் அவள்தான். அப்பா என்ன சொல்லிக்கொண்டே எழுதினார்?

"அண்ணே, இருங்க. அது மெயின் இல்ல. மாஸ்."

"மாஸா? சினிமாவுல ஹீரோ வந்து எறங்குனாத்தான் மாஸும்பாங்க. ஒயர்ல ஏது மாஸு?"

"பப்பா பிரெஞ்சுலதானே எழுதுவாரு? காரோட ஒடம்புல சேர்ற ஒயருக்குப் பிரெஞ்சுல மாஸ்னு பேரு. அந்த பியும் பாடி இல்லண்ணே. பத்ரி."

"பத்ரி யாரு, உங்க பெரியப்பாவா?"

"பேட்டரிண்ணே. பிரெஞ்சுல அப்படித்தான் சொல்லுவாங்க."

செல்வகுமாரின் கை அப்படியே நின்றது. ஆனால் முகம் சுருங்கிவிட்டது. "பதினாறு வயசுலேந்து ஒயரோட பொழைக்கிறேன் கமீ. நீ சொல்றதப் பாத்தா நான் தலைகீழா மாட்டியிருக்கேன்னு ஆவுது."

கமீய்க்கு அவரை மட்டம் தட்டவும் மனசில்லை. கிளிப்பை மாட்டவிடவும் பயம்.

"தலைகீழா இருந்து கிளிப்பப் போட்டா என்னண்ணே ஆவும்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"ஒயர் தீஞ்சி புகஞ்சிடும். ஆல்டர்நேட்டரும் காலி."

"வேற கெடைக்குமா?"

"இதுக்கே மூணு வாரம் அலஞ்சேன்." சொல்லும்போதே அவர் குரல் இறங்கியது.

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "என்ன செல்வா, ஆச்சா? மணி ஆறாவப் போவுது."

செல்வகுமார் கமீயைப் பார்த்தார்.

"ஒரு தடவ சரிபாக்குறோம் மம்மா" என்றாள் கமீய்.

ஓடிப்போய் டார்ச்சைக் கொண்டுவந்தாள். அதிலிருந்த பல்பையும் செல்களையும் வெளியே எடுத்தாள். "ஸ்கூல்ல செஞ்சோம்ணே. செல்லோட ஒரு முனைய காரோட இரும்பு மேல வைக்கணும், இன்னொரு முனைய பல்பு வழியா ஒயர்ல தொடணும். ஒயர் காரோட ஒடம்புல சேந்திருந்தா பல்பு எரியும்."

செல்வகுமார் இரண்டு ஒயரையும் மறுபடி கழற்றினார். முதலில் 'பி'யைத் தொட்டார்கள். பல்பு எரியவில்லை.

"பல்பே போயிருக்கும்" என்றார் அவர்.

'எம்'மைத் தொட்டாள். பல்பு மஞ்சளாக எரிந்தது.

செல்வகுமார் பல்பை வாங்கித் தானே ஒரு தடவை தொட்டுப் பார்த்தார்.

"மாஸுதான்" என்றார் செல்வகுமார். பேட்டரி கிளிப்பைத் தள்ளி வைத்துவிட்டு, ஒயர்களை இடம் மாற்றி முறுக்கினார்.

ஆறுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அப்பா வியர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார். பெல்ட்டை வாங்கி மாட்டி, பேட்டரி கிளிப்பையும் போட்ட செல்வகுமார் தானாகவே சொன்னார்: "முசியே, இனிமே தமிழ்ல எழுதி வைங்க. நான் மாத்தி மாட்டிட்டேன். கமீதான் காப்பாத்துச்சு."

"எம்முன்னா மாஸ்தானே? வேற என்னவாம்?" என்றார் அப்பா.

"மெயினு" என்றார்கள் இரண்டு பேரும் ஒன்றாக.

கார் கிளம்பியது. அப்பா ஓட்டினார், பக்கத்தில் செல்வகுமார். பின்னால் கமீயும் அம்மாவும். எந்த நேரத்திலும் இறங்கித் தள்ளத் தயார் என்பதுபோல அம்மா செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். அவர்களுக்குப் பின்னால் அரிகிருஷ்ணனின் மினி லாரி விடாமல் வந்தது.

டவுனைத் தாண்டும்வரை ஒன்றும் ஆகவில்லை. பிள்ளைச்சாவடியில்தான் வந்தது வினை. ஒரு ஐஸ் லாரி சாலையில் குறுக்கே மாட்டிக்கொண்டு நின்றது. இருட்டிவிட்டது. ஊரில் கரண்டும் இல்லை.

கார் நின்ற இடத்திலேயே மெல்ல உறுமியது. விளக்கு எரிந்தது. முன்பெல்லாம் இந்த இடத்தில்தான் வெளிச்சம் மங்க ஆரம்பிக்கும். கமீய் லாரியின் முதுகில் விழுந்த வெளிச்சத்தைப் பார்த்தாள். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம்.

பின்னால் அரிகிருஷ்ணன் கயிற்றோடு இறங்கி வந்தார்.

சாலையோரத்தில் மீன் கூடைகளோடு உட்கார்ந்திருந்த வீராயி கையை ஆட்டினார். "யண்ணா, அந்த லைட்ட இந்தப் பக்கம் கொஞ்சம் திருப்பேன். கரண்டு போயி, எது எந்த மீனுன்னே தெரில."

அப்பா வண்டியைக் கொஞ்சம் ஒடித்து நிறுத்தினார். வெளிச்சம் கூடைகளின் மேல் கொட்டியது. மீன்கள் பளபளத்தன.

அம்மா கழுத்தை நீட்டிப் பார்த்தார். "அது சங்கராவா?"

செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கியவர்தான். செவுளைத் தூக்கிப் பார்த்தார், பேரம் பேசினார், கூடை மாறினார். அதற்குள் ஐஸ் லாரியே நகர்ந்து போய்விட்டது. காரின் வெளிச்சம் ஒரு பொட்டுகூட மங்கவில்லை.

"மேடம், வண்டி எப்பத்தான் படுக்கும்?" என்று அரிகிருஷ்ணன் கேட்டார்.

"தெரில. நான் இன்னும் எறாவே பாக்கல" என்றார் அம்மா, தலையைத் தூக்காமல்.

அரிகிருஷ்ணன் விளக்கைப் பார்த்தார். கமீயைப் பார்த்தார். பிறகு கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, அம்மாவுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, அதே வெளிச்சத்தில் நெத்திலியைக் கிளற ஆரம்பித்தார்.