ஏழு மீன்கள் குறைந்த தொட்டி

இது நடந்தது எண்பத்திரண்டிலா எண்பத்துமூன்றிலா என்று எனக்கு இப்போது நிச்சயமில்லை. என்னிடம் சொன்னவர் ஆசிரியர் சண்முகசுந்தரம். அவர் சொன்னதில் பாதியை நான் மறந்திருக்கலாம். மறந்த இடங்களை நானாகவே நிரப்பியிருக்கவும் கூடும். பங்குனி மாதம், புனித வெள்ளி விடுமுறை, பகல் மூன்று மணி என்பது மட்டும் சரி.

அந்த நேரத்தில்தான் அஞ்சுகம் மீரா சாகிப்பின் வீட்டு வாசலில் வந்து நின்றாள். மீரா சாகிப் காரைக்கால் சுங்க இலாகாவில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பட்டியலில் இருக்கும் சரக்கைவிட, சரக்கோடு ஒளிந்து வருவதைத் தேடிப் பழகியவர். பக்கத்து வீட்டு அறிவியல் ஆசிரியரான சண்முகசுந்தரம் அப்போது அவரோடு தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"சோமசேகரன் ஐயா வீட்டுல மூணு வருசமா கூட்டிப் பெருக்குறேங்க பாய்" என்றாள் அஞ்சுகம். "கண்ணாடித் தொட்டியில கடல் தண்ணி ஊத்தி மீன் வளக்குறாரு. பதினோரு மீனு. மாசி மகத்துக்கப்புறம் ஒண்ணொண்ணாக் காணாமப் போவுது. இப்ப நாலுதான் இருக்கு. நான் எடுத்துக் கொழம்பு வச்சுட்டேங்கிறாரு."

"இன்னிக்கு என்ன ஆச்சு?"

"ஒரு மீனு பாதிதான் மெதந்துச்சு. கத்தியால அறுத்த மாதிரி. அந்த நேரம் பாத்து நான் கொல்லையில அருவாமணையோட உக்காந்திருந்தேன். அஞ்சு மணிக்குள்ள ஒத்துக்கலேன்னா ஸ்டேஷனுக்குப் போவேங்கிறாரு. வரிச்சிக்குடியில பொண்ணுக்கு வைகாசியில கல்யாணம் பேசியிருக்கேன். போலீசு சிவப்புத் தொப்பி என் வாசல்ல வந்து நின்னா, அவங்க அப்புறம் இந்தப் பக்கம் திரும்பிப் பாக்க மாட்டாங்க பாய்."

மீரா சாகிப் தேநீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டு, "தொட்டிக்கு மூடி உண்டா?" என்று கேட்டார்.

"பலகை மூடி. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை நான் போறப்ப அது ஈரமா இருக்கும். அதுவும் நான்தான்னு சொல்றாரு."

"பூனைதான் பாய், சந்தேகமே இல்லை" என்றார் சண்முகசுந்தரம்.

"தின்னுட்டு மூடியைப் போட்டுட்டுப் போற பூனையா, வாத்தியாரே?"

மூவரும் உடனே கிளம்பினார்கள். சோமசேகரன் வீடு கோட்டுச்சேரி சாலையில் இருந்தது. அவர் கப்பலில் இன்ஜின் வேலை பார்த்துத் திரும்பியவர். கூடத்தில் கப்பல் படங்கள் இருந்தன; சாமி படம் ஒன்றுகூட இல்லை. "என் வீட்டுல கண்ணுக்குத் தெரியாததுக்கு இடம் கிடையாது பாய்" என்றார். "தை மாசத்துக்கப்புறம் இந்தத் தொட்டியில ஒரு பொடி மீன்கூட நான் விடலை. வெளியிலேர்ந்து ஒண்ணும் வரலை. அப்ப எடுக்குறது வீட்டுக்குள்ள இருக்குற கைதான்."

மீரா சாகிப் தொட்டியின் முன்னால் நின்றார். காற்றடிக்கும் மோட்டார் முனகிக்கொண்டிருந்தது. மிச்சமிருந்த நான்கு மீன்களும் ஒரே மூலையில் நெருக்கியடித்து நின்றன. எதிர்மூலைப் பக்கம் ஒன்றுகூடப் போகவில்லை. அங்கே ஓட்டைகள் நிறைந்த கல் ஒன்று கிடந்தது. மற்றக் கற்களில் பச்சைப் பாசி படர்ந்திருக்க, இதன் உச்சி மட்டும் தேய்த்துத் துடைத்தது போலிருந்தது. சிறு குழிகளில் மஞ்சள் நிறம் ஒட்டியிருந்தது. கீழே மணலில் உடைந்த சிப்பித் துண்டுகள்.

சோமசேகரனின் மனைவி பங்கஜவல்லி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். வலது கை மோதிர விரல் நுனியில் புதிதாகத் துணி சுற்றியிருந்தது.

"என்னங்கம்மா கையில?"

"காய் நறுக்குறப்ப பட்டுடுச்சு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

"உங்க தொட்டியில கல்லு எத்தனை?" என்று மீரா சாகிப் சோமசேகரனிடம் கேட்டார்.

"அஞ்சு. ஊர் ஊரா நானே பொறுக்கினது."

"இப்ப எண்ணுங்க."

சோமசேகரன் எண்ணினார். மறுபடியும் எண்ணினார். ஆறு இருந்தது. அவர் அஞ்சுகத்தின் பக்கம் திரும்பினார். "இதுவும் உன் வேலைதானா?"

"தினமும் மீனை எண்ணுனீங்க. கல்லை எண்ணலை" என்றார் மீரா சாகிப். "ஒரு கறுப்புக் கம்பளி வேணும். நூல்ல கட்டுன எறா ஒண்ணு வேணும்."

தொட்டியைக் கம்பளியால் மூடி உள்ளே இருட்டாக்கினார்கள். ஒரு மடிப்பு வழியாக எறாவை அந்தக் கல்லின் அருகே இறக்கி, நூலை விரலில் சுற்றிக்கொண்டு மீரா சாகிப் உட்கார்ந்தார். கால் மணி நேரம் போனது. திடீரென்று நூல் வெடுக்கென்று இழுபட்டது. மீரா சாகிப் கம்பளியை விலக்கினார்.

கல்லின் ஓட்டையிலிருந்து விரல் பருமனில் ஒன்று நீண்டிருந்தது. பல நிறங்கள் மினுங்கும் கரிய உடல். தலையில் ஐந்து உணர்கொம்புகள். தாடைகள் இடுக்கி போலப் பக்கவாட்டில் விரிந்து எறாவை இரண்டாக அறுத்தன. அடுத்த கணம் அங்கே ஓட்டை மட்டும் இருந்தது.

"கடல் புழு!" என்று கத்தினார் சண்முகசுந்தரம். "மறுபடி தலை நீட்டட்டும் பாய், பிடிச்சு இழுத்துடறேன்."

"இழுத்தா அறுந்துடும். உள்ள மாட்டுன பாதி அங்கேயே பொழைச்சாலும் பொழைச்சுக்கும். கையை விடாதீங்க, கடிக்கும். கல்லோட எடுத்து நல்ல தண்ணியில போடுங்க. உப்பில்லாத தண்ணி இதுக்கு ஆகாது, தானா வெளியில வரும்."

சாக்கைச் சுற்றிக் கல்லைத் தூக்கி, கிணற்று நீர் நிரம்பிய வாளியில் இறக்கினார்கள். பங்கஜவல்லி கதவோரம் வந்து நின்றாள்.

"மீனைத் தின்னது இது. இது கல்லுக்குள்ள ஒளிஞ்சு வந்திருக்கு" என்றார் மீரா சாகிப். "கல்லு தானா வராது."

"அதைத்தான் நானும் கேக்குறேன்" என்றார் சோமசேகரன். "என்னைக் கேக்காம இதைப் போட்டது இவதான். வேற யாரு தொட்டிப் பக்கம் போறா? மணி அஞ்சாகப் போவுது. ஸ்டேஷன்ல வந்து சொல்லட்டும்." அவர் சட்டையை எடுத்து மாட்டினார்.

அஞ்சுகம் அழவில்லை. பங்கஜவல்லியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொண்டுவந்தது யாருன்னு எனக்குத் தெரியும்" என்றார் மீரா சாகிப். "அதை நான் சொல்றது மரியாதையா இருக்காது."

வாளிக்குள் ஒரு சலசலப்பு. கல்லின் ஓட்டையிலிருந்து புழு வெளியே வந்தது, வந்துகொண்டே இருந்தது. ஒரு முழம், ஒன்றரை முழம், இரண்டு முழம். வாளியைச் சுற்றி வளைந்து துடித்து, மெல்ல அடங்கியது.

"நான்தாங்க" என்றாள் பங்கஜவல்லி. "மாசி மகத்துக்குப் பட்டினச்சேரிக்குத் தீர்த்தவாரி பாக்கப் போனேன். மூணு தடவை வலையில ஏறுன கல்லு, இது சாமி, உப்புத் தண்ணி வத்தாம வச்சுக்கன்னு அங்க மீன் பிடிக்குறவங்க கொடுத்தாங்க. இந்த வீட்டுல வேற எங்க வைப்பேன்? கல்லோட கல்லா இருக்கட்டும்னு போட்டேன். வெள்ளிக்கிழமை காலையில மூடியைத் தொறந்து மஞ்சள் தடவுவேன்."

"மீன் போறது தெரிஞ்சுமா?" சோமசேகரனின் குரல் தணிந்திருந்தது.

"சாமிதான் எடுத்துக்குதுன்னு நெனச்சேன். இன்னிக்கு விரல்ல கடிச்சப்ப, என்னையும் கேக்குதுன்னு நெனச்சேன். சொன்னா குத்தம் ஆயிடுமேன்னு பயந்தேன்."

"என்னை ஸ்டேஷனுக்கு அனுப்புறது குத்தமா தெரியலையாம்மா உங்களுக்கு?" என்றாள் அஞ்சுகம்.

சோமசேகரன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

திரும்பும் வழியில் சண்முகசுந்தரம் பொறுக்க முடியாமல் கேட்டார்: "அந்தம்மாதான்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க பாய்?"

"அருவாமணையில காய் நறுக்கினா கட்டைவிரல்ல, ஆள்காட்டி விரல்ல படும். வலது கை மோதிர விரல் நுனியால உங்க வீட்டுப் பொம்பளைங்க என்ன செய்வாங்க?"

"பொட்டு வைப்பாங்க" என்றார் சண்முகசுந்தரம்.

"சாமிக்கும் வைப்பாங்க. சாமி படம் இல்லாத வீட்டுல, வெள்ளிக்கிழமை ஈரமாகுற மூடிக்குக் கீழே, மஞ்சள் ஒட்டுன கல்லு. அவ்வளவுதான் வாத்தியாரே. அந்தம்மாவே சொல்லணும்னுதான் காத்திருந்தேன். சொல்லாமப் போயிருந்தா நான் சொல்லியிருப்பேன்."

கல்லைப் பட்டினச்சேரிக்காரர்கள் வந்து வாங்கிப்போய் நடுக்கடலில் போட்டார்கள். மிச்சமிருந்த மீன்களையும் தொட்டியையும் சோமசேகரன் சென்னையிலிருந்த நண்பருக்குக் கொடுத்துவிட்டார், தொண்ணூற்றொன்றில் இறந்தார். மீரா சாகிப் நாகூரில் மகள் வீட்டில் காலமானார். சண்முகசுந்தரம் தலைமை ஆசிரியராகி ஓய்வு பெற்றார். அஞ்சுகத்தின் மகள் கல்யாணம் வைகாசியில் நடந்தது. பங்கஜவல்லி பட்டுப்புடவை ஒன்றோடு போயிருந்தாள். அஞ்சுகம் அவளை உட்காரவைத்துச் சாப்பாடு போட்டாள். புடவையைத் திருப்பிக் கொடுத்தாள். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு அவள் வேலைக்குப் போகவில்லை.