நாலு பூஜ்யம்

ஆறு மணி நேரம் நாற்பது நிமிடம் மீதமிருந்தது.

மாலை ஐந்து மணிக்கு இந்தப் பழைய கட்டடத்தின் மின் இணைப்பைத் துண்டிக்கிறார்கள். பின்னறையில் இருக்கும் கணினியும் அதோடு அணைந்துவிடும். ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களுக்கு அழைப்பு அனுப்பும் எங்கள் பைத்தான் செயலி அதில்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குள் நான் அதைக் கிளவுடில், அதாவது இணையம் வழியே வாடகைக்கு எடுத்த கணினியில், ஏற்றி ஓடவிட வேண்டும். இல்லையென்றால் எங்கோ ஒரு வீட்டு வாசலில் வண்டி வராமல் போகும்.

நான் வேலைக்குச் சேர்ந்து அது மூன்றாவது நாள்.

பின்னறைக்கு ஜன்னல் இல்லை. ஏசி இரைந்துகொண்டே இருக்கும். லேசாகத் தைல வாசனை அடிக்கும். கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க ஒரு செங்கல்லை முட்டுக்கொடுத்திருந்தார்கள்.

"எதை மறந்தாலும் மற, அந்தச் செங்கல்லை மட்டும் நகர்த்திடாதே" என்று பக்கத்து மேசை அக்கா முதல் நாளே சொல்லியிருந்தார். செயலியின் திரைகளை வடிவமைப்பவர் அவர்.

செயலியை என் லேப்டாப்பிலிருந்து ஏற்றினேன். ஒரு குறையும் இல்லாமல் ஏறியது. ஓடத் தொடங்கியது. சரியாக ஒரு நிமிடம் கழித்து நின்றது. செயலி தன் நடப்பை எழுதிவைக்கும் பதிவேட்டின் கடைசி வரி:

போயிட்டு வரேன்.

"அக்கா, இதை எழுதினது யாரு?"

"சத்தமா கேளும்மா. எறும்பு தும்முற மாதிரி இருக்கு."

மறுபடி கேட்டேன். அக்கா சிரித்தார்.

"தாத்தா. முப்பத்திநாலு வயசுதான், பேச்சுதான் எழுபது. செயலியை நிறுத்தினா அப்படிச் சொல்ல வெச்சிருக்காரு. போறேன்னு சொல்லக் கூடாதாம்."

"அவர்கிட்ட கேட்கலாமா?"

சிரிப்பு நின்றது.

"அவரு போயிட்டாரும்மா."

வேறு கம்பெனிக்கு என்று நினைத்துக்கொண்டேன். அக்கா திரையைப் பார்த்துத் திரும்பிவிட்டார். விலகிப்போனவர்களைப் பற்றிப் பேசுவது இங்கே பிடிக்காது போல.

ஐந்து முறை ஏற்றினேன். ஐந்து முறையும் போயிட்டு வரேன்.

மணி நாலு ஆனது. செயலியின் பக்கத்தில், ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ள எங்கள் ஆட்களின் பட்டியல் இருந்தது. தாத்தாவின் பெயரை யாரும் நீக்கவில்லை. அவர் இணைப்பில் இருப்பதாக அதன் அருகே பச்சைப் புள்ளி எரிந்தது.

போனில் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதுவது சுலபம்.

'சார், நான் புதுசு. ஏத்தின ஒரு நிமிஷத்துல நின்னுடுது. என்ன தப்பு?'

பின்னறையில் ஏதோ தட்டும் ஓசை. ஏசி என்று நினைத்தேன்.

பதில் வந்தது.

'வெளியே இருந்து தட்டுறாங்க. உள்ளே கேட்கல.'

புரிந்தது. செயலி உயிரோடு இருக்கிறதா என்று கிளவுட் தட்டிப் பார்க்கும். எங்கள் செயலியோ தன் இயந்திரத்துக்குள் எழும் குரலை மட்டுமே கேட்கும்படி எழுதப்பட்டிருந்தது. பதில் வராததால் கிளவுட் அதை நிறுத்திவிடுகிறது.

'என்ன செய்யணும் சார்?'

டக். டக்.

'முகவரியில நாலு பூஜ்யம் போடு. யார் தட்டினாலும் கேட்கும்.'

என் மேசையில் பின்னறையின் தைல வாசனை வந்தது.

'தட்டினா கேட்கணும்.'

நான் எதுவும் எழுதவில்லை. மறுபடி அதே வரி வந்தது.

'தட்டினா கேட்கணும்.'

அந்த முகவரி இருந்த வரியைத் தேடிப் பிடித்தபோது மணி நாலு ஐம்பத்திரண்டு. 0.0.0.0 என்று நாலு பூஜ்யம் போட்டு ஏற்றினேன்.

ஒரு நிமிடம் கடந்தது. இரண்டு நிமிடம். நிற்கவில்லை. பதிவேட்டில் புதிய வரி:

வந்துட்டேன்.

அக்கா சோதனைக்காக ஒரு அழைப்பு அனுப்பினார். உடனே ஓர் ஓட்டுநர் போன் செய்து, "கால் வந்துடுச்சு, எங்க போகணும்?" என்றார். மூச்சு விட்டேன்.

ஐந்து மணிக்கு விளக்குகள் அணைந்தன. ஏசி இரைச்சல் நின்றது. அப்படியோர் அமைதியை அந்த அலுவலகத்தில் நான் கேட்டதில்லை.

"தாத்தாதான் அக்கா சொல்லிக்கொடுத்தாரு. தேங்க்ஸ் சொல்லணும். இப்ப எந்தக் கம்பெனியில இருக்காரு?"

அக்கா பின்னறையைப் பார்த்தார்.

செங்கல் சுவரோரம் ஒதுங்கி இருந்தது.

கதவு சாத்தியிருந்தது.

உள்ளே, மெதுவாக, யாரோ தட்டினார்கள்.

அக்கா என் கையைப் பிடித்தார். முதல் முறையாக என்னைவிட மெல்லிய குரலில் பேசினார்.

"கம்பெனி எதுவும் இல்லம்மா. அந்தக் கதவு உள்ளேயிருந்து திறக்காது. நெஞ்சு வலி வந்து தட்டியிருக்காரு. ஏசி சத்தத்துல எங்களுக்குக் கேட்கல. உள்ளேயே செத்துப்போயிட்டாரு."