பெட்டியின் பிறந்தநாள்

ஞாயிறு காலை 9.10. பத்து மணிக்குக் கொடுக்க வேண்டிய கேள்வித்தாள், கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் மாணவர்களின் செல்போன்களில் உலவிக்கொண்டிருந்தது.

மாலை நேரக் கணினி வகுப்பை நடத்தும் செந்தமிழ்ச்செல்வி, முந்தின மாலை தன் மடிக்கணினியிலிருந்து அதை ஒரே இடத்துக்குத்தான் அனுப்பியிருந்தார்: கல்வராயன் மலையில் வெள்ளிமலைக் கிளைக்கு. அங்கே பொறுப்பாளன் வெற்றிவேல். "நாளைக்குள்ள உண்மை தெரியலன்னா கிளைய மூடிடுவேன்" என்றார் செந்தமிழ்ச்செல்வி.

அந்தக் கிளையில் படித்து, இப்போது அவரிடம் உதவி ஆசிரியையாக இருக்கும் எழில்மதி அடுத்த பஸ்ஸில் மலையேறினாள்.

அதே அறை. அதே ஆடும் பெஞ்சு. மூலையில், கள்ளக்குறிச்சியோடு பேசும் அதே பழைய இணைய இணைப்புப் பெட்டி.

"பேப்பர யாருக்காச்சும் காட்டினீங்களாண்ணே?"

"எறக்கினேன், மூடி வச்சேன். வழியில எவனாச்சும் புடிச்சிருப்பான்."

"புடிச்சாலும் அது பூட்டின சரக்கு. தெறக்க சாவி வேணும்."

"அப்ப நாந்தான் திருடன்றியா?"

"கேக்கறேன். நேத்து இன்னா நடந்துச்சு?"

"ஆபீஸ்ல லைன் பாக்கற சிவசங்கர் சார் போன் பண்ணாரு. பெட்டிய ஆஃப் பண்ணி ஆன் பண்ணு, ஒடனே பேப்பர எறக்குன்னாரு. செஞ்சேன். பெட்டிக்கு நேத்தும் பொறந்தநாளு. மிட்டாய் துன்னத்தான் ஆளில்ல. இதே மாடல்ல வந்த ஜோடிப் பெட்டியும், தியாகதுருகம் கிளைய மூடினப்ப சிவசங்கர் சாரோட போயிடுச்சு."

எழில்மதி சிரித்தாள். அவள் படித்த காலத்தில், கரண்ட் போய் வந்தால் பெட்டியின் கடிகாரம் 1970 ஜனவரி ஒன்று, காலை ஐந்தரைக்குத் திரும்பிவிடும். 'பெட்டிக்குப் பொறந்தநாளு' என்று பின்பெஞ்சு கைதட்டும். வெற்றிவேல் கடலைமிட்டாயை உடைத்துப் பங்கு வைப்பான். வெளியே மழை, வாயில் வெல்லம்.

சிரிப்பு பாதியில் நின்றது.

பெட்டியை அணைத்து, திரும்பப் போட்டாள். இணைப்பு தொடங்கும்போது அது வெளியே அனுப்பும், ஒவ்வொரு முறையும் மாற வேண்டிய முதல் எண்ணைத் திரையில் பார்த்தாள். மறுபடியும் அணைத்தாள். அதே எண். தன் கண்ணை நம்பாமல் மூன்றாம் முறையும் பார்த்தாள். அதே எண்.

மாலை 5.40. கள்ளக்குறிச்சி அலுவலகம். செந்தமிழ்ச்செல்வியும் சிவசங்கரும் பார்க்க, லைன் அறை அலமாரியில் இருந்த ஜோடிப் பெட்டியை எழில்மதி மேசைமேல் வைத்து ஓட்டினாள். மலையில் கண்ட எண்ணே திரையில் வந்தது.

"மேடம், ரெண்டு முனையும் பேச ஆரம்பிக்கறப்ப ஆளுக்கொரு ரகசிய எண்ண புதுசா நெனைச்சுக்கும். அத வெளிய சொல்லாது. அதுலேருந்து கணக்குப் போட்ட வேற எண்ணத்தான் அனுப்பும். தன்னோட ரகசியமும் எதிராளி அனுப்பினதும் சேந்தா, ரெண்டு பக்கமும் ஒரே சாவி பொறக்கும். பேசி முடிஞ்சா அது செத்துடும். ஒயர்ல ஒட்டுக்கேக்கறவனுக்குக் கெடைக்காது."

"அப்பறம் எப்படி வெளிய போச்சு?"

"இந்தப் பெட்டிக் கடிகாரத்துக்கு பேட்டரி இல்ல. முழிச்சா அதே தேதி, அத வச்சு நெனைக்கற ரகசியமும் அதே. ஜோடிய வச்சிருந்தா அந்த ரகசியம் கையில. மேடம், உங்க லேப்டாப் அனுப்பின எண் ஒயர்ல கெடைக்கும். சேத்தா சாவி ரெடி. மலை லைன் முழுக்க இந்த ரூம் வழியாத்தான் போவுது. ஆஃப் பண்ணச் சொன்னதும் நீங்கதான், சிவசங்கர் சார்."

சிவசங்கர் பெட்டியையே பார்த்தார். "எம் மச்சான் இந்தப் பரீட்சையில ரெண்டுவாட்டி ஃபெயிலு, மேடம். அவன் கையோட நிக்கும்னு நெனைச்சேன்."

கிளை தப்பியது. அடுத்த வாரம் மலைக்குப் புதுப் பெட்டி ஏறியது.

திறப்பு நாளன்று கரண்ட் போய் வந்தது. புதுப் பெட்டி சரியான தேதியைக் காட்டியது. கைதட்ட ஒன்றுமில்லை. புது மாணவர்கள் தலை நிமிராமல் விசைப்பலகையைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

வெற்றிவேல் சட்டைப்பையிலிருந்து கடலைமிட்டாயை எடுத்துப் பாதியாக உடைத்து எழில்மதியிடம் நீட்டினான்.

"இன்னாத்துக்குண்ணே?"

"பழக்கம். துன்னு."