தங்கச்சியைக் கழித்த கண்ணாடி

வாலு குளியலறைக்குள் போய் வெந்நீர்க் குழாயைத் திறந்தாள். ஆவி எழும்பிக் கண்ணாடியை மூடியது. அந்த வெள்ளைக்குள்ளிருந்து எழுத்துகள் மெல்ல மெல்ல வெளியே வந்தன.

ஒரு வரியில் கழித்தல் குறி. அதன் பக்கத்தில் ‘தங்கச்சி’.

அந்த வீட்டில் தங்கச்சி என்றால் வாலு ஒருத்திதான். அவளைத்தான் யாரோ கழித்துக்கொண்டிருக்கிறார்கள்! மீதியைப் படிக்காமல் வெளியே ஓடிவந்தாள்.

“அப்பா, கண்ணாடியில பேய் கணக்குப் போடுது.”

பஸ் ஓட்டப் புறப்பட்டுக்கொண்டிருந்த அப்பா ஷூ நாடாவைக் கட்டியபடியே, “நல்லதாப் போச்சு. உன் வீட்டுப்பாடத்தையும் அதுகிட்டயே குடுத்துடு” என்றார்.

ஆனாலும் எட்டிப் பார்த்தார். அதற்குள் ஆவி அடங்கிவிட்டது. கண்ணாடியில் அப்பாவின் மீசை மட்டும்தான் தெரிந்தது.

“குளிக்காம டிமிக்கி குடுக்க என்னல்லாம் கதை விடுது பாரு” என்றாள் அம்மா, தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல்.

அந்தக் கண்ணாடி இவர்களுடையது இல்லை. முன்பு குடியிருந்த கணக்கு டீச்சர் விட்டுவிட்டுப் போனது. ஏன் விட்டுவிட்டுப் போனார் என்று வீட்டுக்காரர் சொல்லவில்லை. வாலுவும் இதுவரை அதைப் பற்றி யோசித்ததில்லை. இப்போது யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

ஆனால் பேயைப் பற்றிக் கவலைப்பட வீட்டில் யாருக்கும் நேரமில்லை. எல்லோருக்கும் அக்காவைப் பற்றித்தான் கவலை.

அக்காவுக்குக் கல்லூரியில் கணிதம் படிக்க இடம் கிடைத்திருந்தது. ஃபீஸ் கட்ட பேங்கில் லோன் வாங்க வேண்டும். கையெழுத்துப் போட இரண்டு நாள்தான் பாக்கி. இந்த நேரம் பார்த்து, “நான் படிக்கப் போகல. சூப்பர் மார்க்கெட்ல பில் போடுற வேலைக்குப் போறேன்” என்று சொல்லிவிட்டாள். ஏன் என்று கேட்டால் வாயைத் திறப்பதில்லை.

கணக்கு என்றால் சாப்பாட்டையே மறக்கிற அக்கா அவள். வாலுவுக்கு அழுகையாக வந்தது.

மறுநாள் காலை அக்கா குளித்துவிட்டு வந்ததும் வாலு உள்ளே போனாள். ஆவி எழும்பியது. எழுத்துகளும் வந்தன. இந்த முறை வாலு ஓடவில்லை. கதவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு முழுவதையும் படித்தாள்.

படிப்பு முடிந்து வேலைக்குப் போனால் அக்காவுக்கு வரும் முதல் வருஷச் சம்பளம். அதிலிருந்து லோன் தவணையைக் கழித்திருந்தது. அடுத்து, ‘தங்கச்சி காலேஜ்’. அதையும் கழித்திருந்தது. விடை பூஜ்யத்துக்குக் கீழே போய்விட்டது.

அங்கே ஓர் ஏழு இருந்தது. அதன் இடுப்பில் குட்டியாக ஒரு கோடு.

வாலு மூச்சை விட்டாள். இந்த வீட்டில் ஏழுக்குப் பெல்ட் போடுகிற ஆள் ஒரே ஆள்தான்.

அக்கா ஆவியில் விரலால் எழுதுகிறாள். காய்ந்ததும் மறைகிறது. அடுத்த ஆள் வெந்நீரைத் திறந்தால் திரும்ப வருகிறது. அக்காவுக்கு அடுத்துக் குளிக்கிறவள் வாலுதான். மத்தியானம் அம்மா துடைத்துவிடுவதால் வேறு யாருக்கும் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் வாலு அக்காவிடம் பேச்சுக் கொடுத்துப் பார்த்தாள். “அக்கா, லோன் பத்தி...”

“பெரியவங்க விஷயம்டி. உனக்குப் புரியாது” என்று அக்கா திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

‘புரியாதா?’ வாலுவுக்குக் கோபம் வந்தது. விரல் விட்டு எண்ணினாள். அக்கா மூன்று வருடம் படிப்பாள். நாலாம் வகுப்பு வாலு அப்போது ஏழாம் வகுப்பு. ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு எதற்குக் காலேஜ் ஃபீஸ்? கணக்கில் புலி, போயும் போயும் இதில் கோட்டை விட்டிருக்கிறாளே!

கையெழுத்துப் போட வேண்டிய நாள் காலையில் வாலு எல்லோருக்கும் முன்னால் எழுந்தாள். காய்ந்த கண்ணாடியில் விரலால் அழுத்தி எழுதினாள். கண்ணாடியில் எதுவுமே தெரியவில்லை.

பிறகு அக்கா குளிக்கப் போனாள். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. திடீரென்று நின்றது. அப்புறம் உள்ளே சத்தமே இல்லை.

“என்னடி ஆச்சு?” என்று அம்மா கதவைத் தட்டினாள்.

கதவு திறந்தது. ஈரத் தலையோடு அக்கா நின்றாள். அவளுக்குப் பின்னால் ஆவிக்குள் வாலுவின் கோணல் எழுத்து தெரிந்தது: ‘அக்கா, அப்ப நான் ஏழாவதுதான் படிப்பேன். என்னை இப்பவே கழிக்காதே.’

“உன்னைக் கடன் வாங்க விடக் கூடாதுன்னுதான்டி முதல் வருஷத்துலயே எடுத்து வெச்சேன்” என்றாள் அக்கா.

“நான் காலேஜ் போறப்ப உன் சம்பளம் கூடியிருக்காதா?”

அக்கா உதட்டுக்குள்ளேயே கணக்குப் போட்டாள். “கூடும். லோனும் பாதி குறைஞ்சிருக்கும். இறுக்கமாத்தான் இருக்கும். ஆனா சமாளிச்சிடலாம்.” பிறகு திரும்பி, “அம்மா, பேங்க் எப்பத் திறப்பாங்க?” என்றாள்.

அம்மா மெஷினையே மறந்து அவளைக் கட்டிக்கொண்டாள்.

“எல்லாம் சரி. கீழ பெரிய டீச்சர் மாதிரி டிக் வேற போட்டிருக்கே” என்று அக்கா வாலுவின் காதைத் திருகினாள்.

“டிக்கா? நான் போடலையே.”

அம்மாவும் போடவில்லை. “எனக்குக் கணக்கே வராது. நான் எங்க டிக் போடறது?” என்றார் அப்பா.

நால்வரும் கண்ணாடியைப் பார்த்தார்கள். கடைசி வரிக்குக் கீழே, நேர்த்தியாக, பழகிய கை போட்டதுபோல ஒரு சரிக்குறி. ஆவி அடங்க அடங்க அது மெதுவாக மறைந்தது.

அதற்கப்புறம் வாலு குளிக்கப் போகும்போதெல்லாம், உள்ளே யாரும் இல்லாவிட்டாலும், கதவை ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் போகிறாள்.