இரட்டைத் தலைப் பூதத்தின் ஸ்வெட்டர்

இபெனின் அப்பா தெர்யே இளைத்துவிட்டார். நல்ல செய்திதான். ஆனால் அதை அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். அதுதான் சிக்கல்.

"கொஞ்சம் நடங்க, தெர்யே. முழங்காலுக்கு நல்லது" என்று டாக்டர் சொன்னது இவ்வளவுதான். தெர்யேவோ எதையும் கொஞ்சமாகச் செய்யத் தெரியாதவர். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் குன்றில் மழை பெய்த நாளெல்லாம் ஏறினார். நார்வேயின் மேற்குக் கரையில் மழை பெய்த நாளெல்லாம் என்றால் தினமும் என்று அர்த்தம்.

வசந்தம் வந்தபோது அப்பாவில் பாதியைக் காணோம். மீதிப் பாதி சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து பிரசங்கம் செய்தது.

"உருளைக்கிழங்கு நம்ம நண்பன் மாதிரி நடிக்கும், இபென். நம்பிடாதே."

இபென் தன் தட்டில் இருந்த நண்பனை வெண்ணெயில் புரட்டி வாயில் போட்டுக்கொண்டு, தலையை ஆட்டினாள்.

வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா பழைய கால்சட்டை ஒன்றை எடுத்து வருவார். அதைப் போட்டுக்கொண்டு, இடுப்பை முன்னால் இழுத்துக் காட்டுவார்.

"பாருங்க! இதுக்குள்ள இன்னொரு ஆள் நிக்கலாம்!"

தபால்காரர் இப்போதெல்லாம் மணியே அடிப்பதில்லை. பார்சலை வாசலில் வைத்துவிட்டு ஓடிப் போய்விடுகிறார்.

அந்த வாரம்தான் பழம்பொருள் சந்தை. வசந்தம் வந்தால் இபெனின் பள்ளிக்கூட பேண்டு வாத்தியக் குழு இதை நடத்தும். ஊரே தனக்கு வேண்டாததைக் கொண்டுவந்து பள்ளியில் கொட்டும். அதே ஊர் மறுநாள் வந்து, அதையே முண்டியடித்துக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு போகும். அந்தக் காசில்தான் குழுவுக்குச் சீருடையும் வாத்தியமும். பெற்றோர் எல்லோரும் கூலி இல்லாமல் வேலை செய்ய வேண்டும். வராமல் வீட்டில் படுத்துக்கொண்டவரை ஊர் அடுத்த சந்தைவரை மறக்காது.

இந்த வருடம் சந்தைக்குத் தலைவர், வேறு யார், தெர்யேதான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு, கறுப்புச் சாக்குப் பைகளோடு நின்றார்.

"பெரிய சைஸ் எதுவும் இந்த வீட்டுல இருக்கக் கூடாது. பழைய தெர்யே போயாச்சு. அவனோட துணியும் போகணும்."

"பாவம், பழைய தெர்யே" என்றார் அம்மா ஹில்டெ. "பேச்சு கம்மியா பேசுவான்."

சட்டைகள் போயின. கால்சட்டைகள் போயின. நீல நிறப் பஞ்சுக் கோட்டு போயிற்று. கடைசியாக அப்பா அந்தச் சாம்பல் நிற ஸ்வெட்டரைத் தூக்கினார்.

இபெனுக்குத் திக்கென்றது.

"அப்பா! அது வேணாம்!"

அது அம்மா பின்னிய ஸ்வெட்டர். மலைக்குடிலுக்குப் போகும்போதெல்லாம் அப்பா அதைத்தான் போடுவார். குளிர் தாங்காமல் இபென் நடுங்கினால், "பூதம் வரட்டுமா?" என்று கேட்டு, ஸ்வெட்டரின் அடியைத் தூக்குவார். இபென் உள்ளே புகுந்து மேலே ஏறி, கழுத்து வழியாகத் தலையை நீட்டுவாள். ஒரே கழுத்தில் இரண்டு தலை! இரட்டைத் தலைப் பூதம் உறுமிக்கொண்டே குடிலைச் சுற்றி வரும். அம்மா பயப்படுவது போல நடித்தாக வேண்டும்.

இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் பூதம் மாட்டிக்கொண்டது. அப்பா பெருத்திருந்தார், இபெனும் வளர்ந்திருந்தாள். கழுத்துத் தையல் பிரிய, அம்மா இபெனின் காலைப் பிடித்து இழுத்து வெளியே எடுத்தார். சாம்பல் நூல் தீர்ந்துபோனதால், பிரிந்த இடத்தைச் சிவப்பு நூலால் தைத்தார். அதோடு விளையாட்டு நின்றது. "இனிமே இடம் இல்ல, செல்லம்" என்று அப்பா சொல்லிவிட்டார்.

"இதைப் பின்ன எனக்கு ரெண்டு குளிர்காலம் ஆச்சு" என்றார் அம்மா. "தூக்கிப் போட உனக்கு ரெண்டு வினாடி போதும் போல."

"உணர்ச்சிவசப்படக் கூடாது, ஹில்டெ. முன்னாடி பார்க்கணும்!" என்று சொல்லி, அப்பா பையின் வாயைக் கட்டிவிட்டார்.

சனிக்கிழமை காலை பள்ளியின் உடற்பயிற்சிக் கூடம் துணியால் நிரம்பிக் கிடந்தது. பெரியவர்கள் மேஜைகளில் துணியை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கதவு திறக்க இன்னும் நேரம் இருந்தது. இபென் ஸ்வெட்டரைக் கண்டுபிடித்துவிட்டாள். கையில் எடுத்துக்கொண்டு அப்பாவிடம் ஓடினாள்.

"அப்பா, இதை மட்டும் எடுத்து வச்சுக்கறேனே."

அப்பா சுவரைக் காட்டினார். அங்கே அவரே எழுதி ஒட்டிய அறிவிப்பு இருந்தது: 'கதவு திறக்கும்முன் உதவியாளர் யாரும் எந்தப் பொருளையும் எடுத்து வைக்கக் கூடாது.' எதிர்ச் சுவரிலும் இருந்தது. கழிவறைக் கதவிலும் இருந்தது.

"தலைவர் மகளுக்கு ஒரு சட்டம், ஊருக்கு ஒரு சட்டமா? அது எப்படி நல்லா இருக்கும்?"

"திறந்தப்புறம்?"

"திறந்தப்புறம் யார் வேணும்னாலும் வாங்கலாம். சட்டம்னா அது எல்லாருக்கும் ஒண்ணு."

திறந்த பிறகு வாங்கலாம். ஆனால் திறக்கும்போது பேண்டுக் குழு மேடையில் நின்று வாசிக்க வேண்டும். இபென் ட்ரம்பெட் வாசிப்பவள். இரண்டு பாட்டு முடிகிறவரை அவளால் நகர முடியாது.

அவள் நண்பன் ஐவின் தன்னுடைய டூபாவைக் கட்டிக்கொண்டு நின்றான். அது அவனைவிடப் பெரிய ஊதுகுழல்.

"இதுக்குள்ள திணிச்சிடு" என்று அதன் அகன்ற வாயைக் காட்டினான். "யாருக்கும் தெரியாது."

"நீ ஊதினா?"

"சத்தம் வராது. அவ்வளவுதானே? வழக்கமா வர்ற சத்தத்துக்கு அது தேவலைன்னு பேண்டு மாஸ்டரே சொல்லுவார்."

இபென் சிரித்துவிட்டாள். ஒரு நிமிடம் யோசித்தாள். பிறகு ஸ்வெட்டரைக் கொண்டுபோய், எடுத்த இடத்திலேயே வைத்தாள்.

கதவு திறந்தது. பேண்டு முழங்கியது. மழைக்கோட்டுகளில் நீர் சொட்டச் சொட்ட ஊரே உள்ளே பாய்ந்தது.

இபென் ட்ரம்பெட்டுக்கு மேலாகத் துணி மேஜையையே பார்த்தபடி வாசித்தாள். முதல் பாட்டு முழுக்க ஸ்வெட்டர் அங்கேயே இருந்தது. இரண்டாவது பாட்டில் ஒரு பெரிய கை வந்து அதை எடுத்தது. கழுத்தில் இருந்த சிவப்புத் தையல் கூட்டத்துக்குள் மறைந்தது.

இபெனின் ட்ரம்பெட் பாட்டில் இல்லாத ஒரு சுரத்தை வாசித்தது. மாஸ்டர் ஐவினை முறைத்தார்.

பாட்டு முடிந்ததும் அவள் மேடையிலிருந்து குதித்து ஓடினாள். ஸ்வெட்டர் ஓட்வார் மீது இருந்தது.

ஓட்வார் பள்ளிப் பேருந்தை ஓட்டுபவர். ஆள் பேருந்துக்குப் பொருத்தமான அளவு. அவருடைய சட்டைக் கைகள் எப்போதும் பாதி வழியிலேயே நின்றுவிடும். குளிர்காலம் முழுக்க அவருடைய மணிக்கட்டு சிவந்தே இருக்கும். இன்று ஸ்வெட்டரின் கை அவருடைய விரல்வரை வந்திருந்தது. அவர் அதைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐவின் டூபாவோடு மூச்சிரைக்க வந்து சேர்ந்தான். "பேன் இருக்குன்னு சொல்லு!" என்று காதில் கிசுகிசுத்தான்.

இபென் வாயைத் திறந்தாள். ஓட்வாரின் முகத்தைப் பார்த்தாள். பொய் வர மறுத்தது.

"அது... ரொம்பக் கதகதப்பா இருக்கும்" என்றாள்.

"ஆமா இபென்! அடுப்பு மாதிரி இருக்கு. ஆனா கழுத்துல என்ன, எறும்பு ஊர்ற மாதிரி?" ஓட்வார் சொறிந்துகொண்டார்.

"கம்பளி அப்படித்தான். எங்கப்பா உள்ளே காலர் சட்டை போட்டுக்கிட்டுத்தான் போடுவார். நாள் முழுக்கப் போட்டுக்கிட்டு பஸ் ஓட்டினா உங்களுக்கு அரிக்கும்."

"இது தெர்யேவோடதா?"

"இது மட்டுமில்ல. அவர் சைஸ்ல ஒரு அலமாரியே இங்க இருக்கு. வாங்க, காட்டறேன்."

எந்தத் துணி எந்தப் பையில் போனது என்று அவளுக்குத் தெரியும். கட்டம் போட்ட சட்டைகளை எடுத்துக் கொடுத்தாள். நீலப் பஞ்சுக் கோட்டைக் குவியலுக்கு அடியிலிருந்து இழுத்தாள். "இது அரிக்காது. பாக்கெட்ல ஃபிளாஸ்க் வைக்கலாம். இந்தப் பக்க ஜிப் மட்டும் சிக்கும். கொஞ்சம் திட்டினா வந்துடும்."

ஓட்வார் கோட்டைப் போட்டுக்கொண்டார். ஸ்டியரிங் பிடிப்பது போல இரண்டு கையையும் நீட்டி, இடப்பக்கம் திருப்பினார். வலப்பக்கம் திருப்பினார். கோட்டின் கை மேலே ஏறவே இல்லை.

"இபென், பாரு! மணிக்கட்டைக் காணோம்!" என்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கடையில என் சைஸைக் கேட்டா, உள்ள போய்ப் பார்க்கிறேன்னு போவாங்க. அப்புறம் திரும்பி வரவே மாட்டாங்க."

கோட்டு, சட்டைகள், இரண்டு கால்சட்டை என்று அவர் கை நிறைந்தது. ஸ்வெட்டரைப் பார்த்தார். இபெனைப் பார்த்தார். கழுத்தைச் சொறிந்தார்.

"எறும்பு உனக்குத்தான்" என்று அவள் கையில் கொடுத்துவிட்டார்.

காசு வாங்கும் மேஜையில் அப்பா நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். முதலில் ஓட்வார் வந்தார். தன் பழைய கோட்டு இன்னொருவர் மேல் அவ்வளவு கம்பீரமாக நிற்பதைப் பார்த்து அப்பாவுக்கு வாயடைத்துப்போயிற்று. ரொம்ப நாளாயிற்று அவருக்கு அப்படி ஆகி.

அடுத்து மேஜைமேல் ஸ்வெட்டர் விழுந்தது. பக்கத்தில், வாஃபிள் பலகாரம் வாங்க அம்மா கொடுத்திருந்த காசு.

"இபென்!"

"திறந்தப்புறம் யார் வேணும்னாலும் வாங்கலாம்" என்றாள் இபென், சுவரைக் காட்டி.

வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அப்பா முன்னால் குனிந்தார். மேடைக் குரல் போய், வீட்டுக் குரல் வந்தது.

"செல்லம், விளையாட்டுக்குச் சொல்லல. அது வீட்டுல இருந்தா, என்னிக்காவது மறுபடி அதுக்குள்ள போயிடுவேனோன்னு எனக்குப் பயமா இருக்கு."

அப்பாவுக்குப் பயமா? இபென் இதை எதிர்பார்க்கவில்லை. அவ்வளவு பிரசங்கத்துக்கும் அடியில் இதுவா இருந்தது? அவள் ஸ்வெட்டரை மேஜைமேல் விரித்தாள்.

"அப்பா, 'இதுக்குள்ள இன்னொரு ஆள் நிக்கலாம்'னு நீங்கதானே எல்லார்கிட்டயும் காட்டினீங்க?"

"ஆமா. அது கால்சட்டை."

"இதுலயும் இப்பப் பாதி காலி. அந்தப் பாதி என்னோடது. காசு கொடுத்து வாங்கிட்டேன். நீங்க மறுபடி பெருசாகணும்னா என்கிட்டக் கேட்டுட்டுத்தான் ஆகணும். நான் விட மாட்டேன்."

அப்பா காசைப் பார்த்தார். ஸ்வெட்டரைப் பார்த்தார். அவருடைய மீசை ஒரு பக்கமாகக் கோணியது. சிரிப்பை அடக்கினால் அது அப்படித்தான் கோணும்.

காசை எடுத்துப் பெட்டியில் போட்டுவிட்டு, "அடுத்த ஆள் வாங்க!" என்றார் சத்தமாக.

மாலையில் கூட்டம் குறைந்தது. மேடைத் திரைக்குப் பின்னால் ஒருவர், "யாரும் பார்க்கலையே?" என்று கேட்பது ஐவினுக்குக் கேட்டது. பிறகு, "முழங்கையை எடுங்க அப்பா!" என்றது இன்னொரு குரல். பிறகு ஒரே சிரிப்பு.

அதற்குள் ஒலிபெருக்கி முழங்கிவிட்டது. "தலைவர் தெர்யே நன்றியுரை சொல்ல மேடைக்கு வரவும்!"

"ஐயோ, இறங்கு, இறங்கு!"

"நேரமில்ல. நடங்க!"

திரை விலகியது. ஒரு சாம்பல் நிற உடம்பு, சிவப்புத் தையல் போட்ட ஒரே கழுத்து, மேலே இரண்டு தலை. தலைவர் மேடைக்கு வந்துவிட்டார்.

கூடம் ஒரு கணம் வாயைப் பிளந்தது. வாஃபிள் மேஜையில் இருந்த அம்மா, "ஐயோ, பூதம்!" என்று கரண்டியை வீசிவிட்டு அலறினார். நடிப்பு அவருக்கு மறக்கவில்லை.

மீசை வைத்த தலை தொண்டையைச் செருமியது. "பெருமதிப்பிற்குரிய பெற்றோர்களே, இசையை நேசிக்கும் ஊர் மக்களே, இந்த வரலாற்றுச் சிறப்புமிக்க..."

"சுருக்கமா" என்றது மற்ற தலை.

"...நாளில், நான் என் வாழ்க்கையில் கற்றுக்கொண்ட..."

"அப்பா, வேர்க்குது."

மீசைத் தலை மறுபடியும் வாயைத் திறந்தது. பேச்சு வரவில்லை, உறுமல்தான் வந்தது. அச்சு அசல் பூத உறுமல். மற்ற தலையும் சேர்ந்து உறுமியது. கடைசியில் இருவரும் சேர்ந்து, "நன்றி! வீட்டுக்குப் போங்க!" என்றார்கள். அந்தச் சந்தை கண்ட நன்றியுரைகளிலேயே ஊர் எழுந்து நின்று கைதட்டியது இதற்குத்தான். ஓட்வார் தன் நீளமான கைகளை உயர்த்தித் தட்டினார். ஐவின் டூபாவை ஒரு ஊது ஊதினான். அது சரியாகவே வந்தது.

அம்மாவின் தட்டில் ஒரே ஒரு வாஃபிள் மீந்திருந்தது. பழுப்புச் சீஸை ஒரு துண்டு சீவி மேலே வைத்து, அவர் அதைப் பூதத்திடம் நீட்டினார்.

ஒரு நொடியில் தட்டு காலி. எந்தத் தலை சாப்பிட்டது என்று யாரும் கேட்கவில்லை.